சாமியறைக்கு அந்தப் பக்கம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்தப் பழைய கம்ப்யூட்டர் அதை உச்சந்தலைக்கே ஏற்றிவிட்டது. எங்கள் ஆபீசில் கழித்துப் போட்ட சவம் அது. அப்பாவுக்காகத்தான் தூக்கி வந்தேன்.

அப்பா தாணுமாலையனுக்குக் காது முழுக்கப் போய்விட்டது. மஸ்கட்டில் புருஷனோடு இருக்கும் என் தங்கை பகவதி வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வாள். அம்மாவும் நானும் பேசுவோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமாகிப் போன மகளோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மனிதர் சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். பகவதி அவள் ஆபீசில் இருக்கிற நேரம் இருவரும் கம்ப்யூட்டரில் எழுதியே பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அது 2006. வலியசாலையில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். போனும் இன்டர்நெட் மோடமும் இருக்கிற முன்னறையில் என் ஸ்கூட்டரையும் ஒரு நாற்காலியையும் போட்டால் நிற்க இடமிருக்காது. அப்பாவின் அறை கடைசியில். நடுவில் சாமியறை. அதைத் தாண்டாமல் வயர் போக வழியில்லை. நீளமான வயரும் வாங்கி வந்துவிட்டேன்.

"சாமி ரூம் வழியா கண்ட வயரும் போகப்படாது, கேட்டியா?" என்றாள் அம்மா.

"காத்துல போனா தீட்டு இல்லையாம்மா?"

"காத்துக்கு என்னலே தீட்டு!"

சரி என்று வயர்லெஸ் பெட்டி ஒன்றும் கம்ப்யூட்டருக்குள் சொருகுகிற கார்டு ஒன்றும் வாங்கினேன். கம்ப்யூட்டர் அந்தக் கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைக்கு எடுத்துப் போனால் மலையாளிக் கடைக்காரர் சிரிக்கிறார். "எந்தா சேட்டா, இத பழைய சாமான் எடுக்குற ஆக்ரிக்காரன்ட்ட எடைக்குப் போடக்கூடாதா?" வயிறெரிந்தது. மெமரியை மாற்றி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியபிறகு கார்டுக்கு உயிர் வந்தது. சிக்னல் வரவேண்டுமே! தடித்த மண்சுவரில் முட்டி எல்லாம் செத்துப்போனது. பெட்டியை ஸ்டூலில் வைத்தேன், அலமாரி மேல் வைத்தேன், துணிக்கொடியில்கூடக் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு கோடு வரும், உடனே போகும். "போய்த் தொலை!" என்று மானிட்டரை ஒரு அறை அறைந்தேன். கைதான் வலித்தது.

சனிக்கிழமை காலையில் எப்படியோ இரண்டு கோடு நின்றது. அப்பா உட்கார்ந்தார். ஆங்கில எழுத்தில் தமிழை மடமடவென்று அடித்தார். 'மக்களே, அப்பா பேசுகேன்.' மகளை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

பகவதியின் பதில் துண்டு துண்டாக வந்தது. 'அப்பா, உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும். போன்ல முடியாது. அவர் பக்கத்துலயே நிப்பார். நேத்தும்'

அதோடு நின்றுவிட்டது. சிக்னல் இல்லை.

"நேத்தும்னா? நேத்தும் என்னலே?" அப்பா கத்தினார். காது கேட்காதவர் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். நான் முன்னறைக்கும் பின்னறைக்கும் ஓடினேன். பெட்டியைத் திருப்பினேன், அணைத்துப் போட்டேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஒன்றும் அசையவில்லை.

அம்மா வந்து என்னவென்று கேட்டாள். திரையில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். அவள் போய்ச் சாமியறைக் கதவு இரண்டையும் விரியத் திறந்தாள். குத்துவிளக்கைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"அந்த வயர எடுலே. மரம் மாதிரி நிக்கான் பாரு!"

சாமிகளின் காலடியில் வயரை இழுத்துப்போட்டுச் சொருகினேன். மிச்ச வரிகள் வந்து விழுந்தன. 'நேத்தும் அடிச்சார். ரெண்டு வருசமா இப்படித்தான். பாஸ்போர்ட் என் கையில இருக்கு. நான் அங்க வந்துரட்டுமாப்பா?'

நான் வாசித்து முடிப்பதற்குள் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வெள்ளிக்கிழமை "சொகம்தான் அண்ணா" என்று சிரித்தாளே, படுபாவி.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரே வரி அடித்தார்.

'டிக்கெட் போட்டாச்சு மக்களே. பொறப்படு.'

யாரும் எந்த டிக்கெட்டும் போட்டிருக்கவில்லை. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.