பெற்றோர் குழுவில் போட்ட செய்தி

மனநலப் பயிற்சிக்கு மதுரைக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து, சான்றிதழோடு திரும்பி வந்தவள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்தாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளின் மனதை எப்படித் தேற்றுவது என்று யாராவது கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசியிருப்பேன். அவ்வளவு திமிர்.

அந்த வாரமே முனீஸ்வரி வந்தாள். கான்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு என் மேஜை ஓரம் நின்று, "தூக்கமே வரமாட்டேங்கு டீச்சர். எதுக்கு இருக்கோம்னு தோணுது" என்றாள். ஆறு மாதமாக இப்படித்தானாம். பள்ளிக்கு வரும் மனநல ஆலோசகரிடம் மட்டும் பேசலாம் என்று நான் சொன்னதற்குச் சரியென்று தலையாட்டினாள்.

"வேற யார்ட்டயும் சொல்லிராதீக டீச்சர்."

"மாட்டேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆலோசகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மறுநாள் அவர் வரும் நாள். பெற்றோரும் கூட வர வேண்டும் என்பது விதி. அவள் அப்பா சோணைமுத்துவுக்கு இரண்டு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. வீட்டுப்பாடம், லீவு என்று எல்லாவற்றையும் போடுகிற பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலேயே இதையும் போட்டுவிட்டேன்: "முனீஸ்வரியின் பெற்றோர் நாளை மனநல ஆலோசகரைச் சந்திக்க வரவும்." கைப்பழக்கம். புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. சுதாரித்து அழிப்பதற்குள் முப்பது வீடுகளில் படித்துவிட்டார்கள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சனிக்கிழமை வீடு தேடிப் போனேன். அவள் அம்மா பரிபூரணம் வாசலிலேயே மறித்தாள்.

"எம்புள்ளைக்குப் பைத்தியம்னு ஊருக்கே போட்டுட்டீகளே டீச்சர்! ஒவ்வொருத்தியா வந்து துக்கம் விசாரிச்சிட்டுப் போறாளுக. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

காலில் விழச் சொல்லியிருந்தால் விழுந்திருப்பேன். "தப்பு எம்மேலதாம்மா. ஆனா அவள ஆலோசகர்ட்ட கண்டிப்பாக் காட்டணும்" என்றேன்.

பரிபூரணம் உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஏட்டி, நீயே வந்து சொல்லு. ஒனக்கு என்ன செய்யுது?"

முனீஸ்வரி வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். பரீட்சைக்குப் பயந்து சும்மா பொய் சொன்னேன். திங்கக்கெழம பள்ளிக்கூடம் வாரேன்."

பரிபூரணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் காபி போட உள்ளே போனாள்.

"எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லும்மா" என்றேன் மெல்ல.

"இதான் டீச்சர் நெசம்."

அதே சிரிப்பு. ஆறு மாதம் மனதுக்குள் வைத்திருந்து, ஒரே ஒரு ஆளை நம்பிச் சொன்ன பிள்ளை. இனி யாரிடமும் சொல்ல மாட்டாள்.