மாதத்தில் நாலு இலை

ராயப்பராஜ் மகளோடு பேசி மூன்று வருடமாகிறது. நர்ஸ் வேலைக்கு அந்தமான் போன ஜெசிந்தா, அங்கேயே ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. வறட்டுப் பிடிவாதத்தில் அவரை மிஞ்ச வேடசந்தூர் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது.

அந்த மகள்தான், ஊருக்கு வந்த சிநேகிதியிடம் ஒரு செடி கொடுத்தனுப்பியிருந்தாள். சீட்டில் ஃபலனாப்சிஸ் என்று எழுதியிருந்தது. தீவுக் காடுகளில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளரும் ஆர்க்கிட் இனமாம். ஒரு கட்டையில் கட்டியிருந்தது, வேரெல்லாம் வெளியே. மண்ணில்லாமல் தவிக்கிறதே பாவம் என்று இவருக்கு மனசு கேட்கவில்லை. செம்மண்ணும் அய்யலூர் ஆட்டுப் புழுக்கையும் போட்டுத் தொட்டியை நிறைத்தார். ஒரு வேர்கூட விடாமல் புதைத்து, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினார். பத்தே நாளில் இலை பழுத்துப்போனது.

மனைவி சவேரியம்மாள் போனை நீட்டினாள். "அவளுக்குத்தான் தெரியும். கேளுங்க."

போனை வாங்கி நேராக விஷயத்துக்கு வந்தார். "செடி வாடுதும்மா."

"மண்ணுல வச்சீங்களாப்பா? ஐயோ, அதோட வேருக்குக் காத்து வேணும். மண்ணக் கழுவிட்டு, ஈரக் காத்து படுற எடத்துல தொங்க விடுங்க."

ஈரக் காற்றா! நூற்பாலையில் அவருக்கு வேலையே அதுதான். நூல் அறுந்துபோகாமலிருக்க, கூடத்துக்குள் ஈரக் காற்றை அனுப்பும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். மறுநாளே செடியை மடியில் வைத்துக்கொண்டு மில் பஸ்ஸில் போய், இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். என்ன செய்து என்ன? வேர் ஏற்கெனவே அழுகியிருந்தது. மூன்றாம் நாள் குருத்து கையோடு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மகளே அழைத்தாள். "செடி எப்டிப்பா இருக்கு?"

செத்துவிட்டது என்றால் பேச்சும் அதோடு முடிந்துபோகுமே. அவருக்குப் பயமாக இருந்தது. "நல்லாருக்கும்மா. வேரு விடுது."

அதற்குப் பிறகு தினமும் போன் வந்தது. இவரும் சளைக்கவில்லை. ஒரே மாதத்தில் நாலு இலை விட வைத்தார். மொட்டுகூட எட்டிப்பார்க்கிறது என்றார். பொய் சொல்லிச் சொல்லி நெஞ்சு கனத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவரே அழைத்தார்.

"பாப்பா, செடி அப்பவே செத்துப்போச்சு."

"தெரியும்ப்பா."

"எப்டி?"

"அது வருசத்துக்கு ரெண்டு எல விட்டாலே பெருசு. நீங்க மாசத்துல நாலு விட வச்சீங்களே!"

"தெரிஞ்சுக்கிட்டேவா தெனமும் கேட்ட?"

"நீங்க பேசுனீங்களேப்பா."

ராயப்பராஜுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோயில் வாசலில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கிறிஸ்துமஸுக்கு வாம்மா" என்றார். பிறகு, "மாப்பிள்ளை ஆட்டுக்கறி சாப்பிடுவாரா?" என்று கேட்டார்.