ஐந்து படி வாசல்

“பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நேரமாச்சு. நீ கொஞ்சம் கொல்லைப் பக்கம் இருந்துக்க பிரின்ஸி.”

“எவ்வளவு நேரம்ணே?”

“ஒரு மணி நேரம். அதுக்கு மேல இருக்க மாட்டாங்க.”

பதினான்கு வருடத்துக்கு முன்னால் அண்ணன் ஜெரால்டும் தானும் பேசிய இந்த மூன்று வரியும் பிரின்ஸிக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. அன்று அவளை நாற்காலியோடு தூக்கிப் போய் வைக்கோல் போர் ஓரமாக வைத்தார்கள். இளம்பிள்ளைவாதத்தில் கால்கள் சூம்பிப்போன தங்கை ஒருத்தி இருப்பது தெரிந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்பது அம்மா சவரியம்மாளின் பயம். கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயர் இல்லை. அண்ணிக்கு எல்லாம் தெரிந்த பிறகும், வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் பின்னால்தான் இருந்தாள். அந்த ஒரு மணி நேரம் முடியவே இல்லை.

கஜா புயலில் ஓட்டு வீடு போனதும் ஜெரால்ட் மாடி வீடு கட்டினான். வெள்ளம் ஏறாமலிருக்க ஐந்து படி உயரம். படிகளுக்குக் கறுப்பு கிரானைட். பிரின்ஸியின் அறை மட்டும் பின்பக்கம், தரையோடு தரையாக. கதவு பக்கத்துச் சந்துப் பக்கமாகத் திறக்கும். அங்கிருந்து வீட்டுக்குள் போவதற்கும் படிதான். வெள்ளம் வந்தால் அந்த அறைக்குத்தானே முதலில் வரும் என்று யாரும் பேசவில்லை.

கொத்தனார் வாசலில் வேலை செய்த நாட்களில் அவள் ஒன்று கேட்க நினைத்தாள். படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் விட்டால், யாரையும் கூப்பிடாமல் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு தானே முன்வாசலில் ஏறிவிடலாம். கிரானைட்டின் அழகு கெட்டுவிடும் என்று அண்ணி வேறெதற்கோ சொன்னது காதில் விழுந்தது. கல்யாணமாகாமல் அண்ணன் வீட்டில் இருக்கிறவள் என்ன உரிமையில் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஜெரால்ட், போன வியாழக்கிழமை மத்தியானம், சோற்றுத் தட்டைத் தானே அவள் அறைக்குக் கொண்டுவந்தான். தட்டில் விரால் மீனின் நடுத்துண்டு.

பிரின்ஸி தைத்துக்கொண்டிருந்த பிளவுஸைக் கீழே வைத்தாள். “வால் துண்டு தீர்ந்துபோச்சாண்ணே?”

அவன் சிரித்தான். அது அவளுக்கு மீனைவிடச் சந்தேகமாக இருந்தது.

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். சட்டசபையில் புதுச் சட்டம் வந்திருக்கிறது, ஊராட்சி, பேரூராட்சி எல்லா மன்றத்திலும் ஒரு மாற்றுத்திறனாளியை உறுப்பினராக நியமிக்கப் போகிறார்கள், நம் ஊருக்கு நீதான் என்று விளக்கினான். புதிதாகக் கேட்பவளைப் போலத் தலையாட்டினாள். தைக்கும்போது கைப்பேசியில் செய்தி கேட்பது அவள் வழக்கம். சட்டம் நிறைவேறிய அன்று அதே செய்தியை இரண்டு முறை கேட்டிருந்தாள். அவளிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஜஸீலா டீச்சர் விண்ணப்பப் படிவத்தை அச்செடுத்தே தந்திருந்தார். அது தையல் மிஷின் டிராயரில், நிரப்பாமல் கிடந்தது. நிரப்பத் துணிவு வரவில்லை. இந்தச் செய்தி வீட்டுக்குள் எந்த வழியாக வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். விரால் மீனோடு வந்திருக்கிறது.

தாளை வாங்கிப் படித்தாள். அவள் பெயரில் அவனே நிரப்பிய விண்ணப்பம். பெயர், வயது, அடையாள அட்டை எண் எல்லாம் சரி. செல்பேசி எண் மட்டும் ஜெரால்டுடையது.

“இது உன் நம்பருல்ல?”

“உனக்கு எதுக்கு அலைச்சல்? கூட்டம்னு கூப்புடுவாங்க, நான் போய் உக்காந்துக்கறேன். நம்ம ஊர்ல லேடி கவுன்சிலருக்கெல்லாம் வீட்டுக்காரருதான போறாரு.”

ஜெரால்ட் பேரூராட்சியில் சின்னச் சின்னக் கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுப்பவன். மன்றத்துக்குள் தன் வீட்டு ஆள் ஒருத்தி இருந்தால் எவ்வளவு வசதி என்பதை அவன் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அடுத்து கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அவளை வாழ்த்தி வைக்கப்போகும் ஃப்ளெக்ஸ். முகம் அவளுடையது. கழுத்துக்குக் கீழே பச்சைப் பட்டுப்புடவையில் வேறு யாரோ ஒருத்தி, நேராக நின்று கைகூப்பிக்கொண்டிருந்தாள். காலில் செருப்புகூட இருந்தது.

“கால் எங்கேருந்துண்ணே வந்துச்சு?”

“கடைக்காரன் போட்டான். ரோட்டுல வைக்கிறது, பாக்க லட்சணமா இருக்க வேணாமா?”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கட்சியின் பேரூர்ச் செயலாளர் குழந்தைராஜ் வீட்டுக்கு வருவார், அவர் முன்னால் கையெழுத்துப் போட்டால் மரியாதையாக இருக்கும் என்றான். பிரின்ஸி சரி என்றாள். இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது ஜெரால்டுக்கும் லேசாக உறுத்தத்தான் செய்தது.

அவன் போனதும் டிராயரைத் திறந்து தன் படிவத்தை எடுத்தாள். தன் எண்ணையே எழுதினாள்.

மறுநாள் காலை சந்து வழியாக வெளியேறி, நாலு தெரு தள்ளியிருந்த பேரூராட்சி அலுவலகத்துக்கு உருட்டிக்கொண்டு போனாள். வாசலில் சாய்தளம் இருந்தது. கைப்பிடிக் கம்பியும் இருந்தது. பாதியில் மூச்சு வாங்கியது. ஆனாலும் யாரும் தள்ளாமலே மேலே வந்துவிட்டாள். திரும்பிக் கீழே பார்த்தாள். இவ்வளவுதானா என்றிருந்தது.

மனுவை வாங்கிய எழுத்தர் சுடர்விழி, ஜெரால்டின் தங்கையா என்று விசாரித்தாள். உடனே அண்ணனுக்குப் போன் போடுவாளோ என்று பிரின்ஸி பயந்தாள். அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே கைகாட்டினாள்.

“ஏற வசதியா இருந்துச்சாக்கா? அந்த ரேம்ப் உங்கண்ணன் போட்டதுதான். சட்டப்படி ஒரு அடி உயரத்துக்குப் பன்னண்டு அடி நீளம்னு டேப்பு வச்சு அளந்து போட்டாரு. ரேஷன் கடையிலயும் அவருதான்.”

பிரின்ஸி சீட்டை மடித்து வைத்துக்கொண்டாள். இறங்கும்போது கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். வழவழப்பாக, நன்றாகத் தேய்த்து விட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முன்வாசலில் பேச்சுக்குரல் கேட்டதும், தூக்குவதற்கு ஆள் வருமுன் அவள் சந்து வழியாகச் சுற்றி வீட்டின் முன்னால் வந்து படிகளின் அடியில் நாற்காலியை நிறுத்தினாள். மேலே, பிளாஸ்டிக் நாற்காலியில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்த குழந்தைராஜ் எட்டிப் பார்த்தார்.

“இந்தத் தங்கச்சியா? படத்துல நின்னுக்கிட்டுல்ல இருந்துச்சு.”

அண்ணி உள்ளே பார்த்தாள். ஜெரால்ட் தன் வேலையாட்கள் இருவருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு அவசரமாக இறங்கி வந்தான். பிரின்ஸி சக்கரத்தின் பிரேக்கைப் போட்டாள்.

“தொடாதீங்க. கையெழுத்தும் வேணாம்ணே. வெள்ளிக்கிழமையே மனுவைக் குடுத்துட்டேன், என் நம்பர் போட்டு.”

ஒப்புகைச் சீட்டை நீட்டினாள். ஜெரால்ட் அதை வாங்கி இரண்டு முறை படித்தான். காது சிவந்தது. அவனுக்குப் பின்னால், எல்லாவற்றையும் சமாளித்துவிடும் குரலில் சவரியம்மாள் கூப்பிட்டாள், “வெயில்ல நிக்காத பிரின்ஸி. பின்பக்கமா வா, காப்பி தர்றேன்.”

பிரின்ஸி நகரவில்லை. ஐந்து படிகளையும் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

“ஆபீசுக்கு டேப்பு வச்சு அளந்து கட்டுனியேண்ணே. அதே மாதிரி நம்ம வாசலுக்கும் ஒண்ணு கட்டிக் குடு. நான் முன்பக்கமா வரணும்.”