டெல்மர் குரூஸ் வீட்டு இண்டிகேட்டர்

மக்காச்சோளம் நல்ல விலைக்குப் போன வருஷத்தில், டெல்மர் குரூஸ் வீட்டு முன்புறம் நின்ற நீலக் காரின் இடது இண்டிகேட்டர் மினுக்க ஆரம்பித்தது. அந்தக் காரில் பேட்டரி கிடையாது. பதிவு காலாவதியாகி இருபது வருஷத்துக்கு மேல். இஞ்சினுக்குள் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தி வந்தன. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் ஹார்மன் ஊர்க்காரர்கள் எதையும் சட்டென்று பேய் என்று சொல்லிவிட மாட்டார்கள். வயரிங் கோளாறு என்றார்கள். வயரே மிச்சமில்லை என்பது எலிகளுக்கு மட்டும் தெரியும்.

கார் டெல்மரின் மகள் ரோண்டாவுடையது. டென்வர் நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை கிடைத்து, இரண்டு பெட்டிகளைக் கட்டி டிக்கியில் வைத்திருந்தாள். கிளம்ப வேண்டிய வாரத்தில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. இந்தக் குளிரில் எழுந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயந்து, டெல்மர் பேட்டரியைக் கழற்றி நிலவறையில் வைத்தார். “உடம்பு தேறட்டும்டா கண்ணு, நானே மாட்டித் தரேன்” என்றார். “தேறினாலும் மாட்ட மாட்டீங்கப்பா. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தாள். தேறவில்லை. துக்க வீட்டுக்கு ஊர்ப் பெண்கள் பன்றித்தொடைக் கறியும் நூடுல்ஸ் பாத்திரங்களுமாக வந்து போனார்கள். அடக்கம் முடிந்து திரும்பிய டெல்மர், தன் பிக்கப் வண்டியை நீலக் காருக்கு முன்னால், வாசலை அடைத்தாற்போல நிறுத்தினார். அங்கே நாலு வண்டி நிற்க இடம் உண்டு. இருந்தும் அன்றிலிருந்து எங்கே போய் வந்தாலும் அதே இடத்தில்தான் நிறுத்தினார். மனிதருக்கு அது பழக்கம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

விளக்கு மினுக்கியதில் யாருக்கும் தொந்தரவில்லை. தொந்தரவு எங்கள் மரியாதையால் வந்தது. ஹார்மனில் ஒரு வண்டி தெருவுக்கு வரக் காத்திருந்தால், போகிற வண்டி நின்று, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி ‘நீ போ’ என்று காட்டியே ஆக வேண்டும். காட்டாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காபி கிடைக்காது. ஆகவே டெல்மர் வீட்டைத் தாண்டுகிற ஒவ்வொருவரும் நின்றார்கள், விரலைத் தூக்கினார்கள், காத்திருந்தார்கள். நீலக் கார் வரவில்லை. அது வராமல் தாங்கள் கிளம்புவதும் மரியாதையாகப் படவில்லை. அறுவடைக் காலத்தில் சோள லாரிகள் களஞ்சியத்திலிருந்து பாலம் வரைக்கும் நின்றன. பள்ளிப் பேருந்துப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைப் பேருந்திலேயே முடித்துவிட்டு வந்தார்கள். உருப்படியான பலன் அது ஒன்றுதான்.

ஊரில் ஒரு விதி உண்டு. ஓடாத வண்டியையோ பதிவில்லாத வண்டியையோ தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி முப்பது நாளுக்கு மேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது கார்லீன் பைக்கின் வேலை. குடிநீர் மீட்டர் பார்ப்பதும் தெருநாய் பிடிப்பதும்கூட அவள்தான். ரோண்டாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். இத்தனை வருஷமாக அந்த வீட்டுப் பக்கம் பார்க்காத மாதிரியே மீட்டர் பார்த்துவிட்டுப் போனவள், இப்போது வேறு வழியில்லாமல் காரின் கண்ணாடியில் ஆரஞ்சு நோட்டீஸை ஒட்டினாள்.

“வெளியே தெரியாம மூடி வச்சா விதிப்படி சரிதான், டெல்மர். ஒரு தார்ப்பாய் போடுங்க.”

போட்டார். மறுநாள் காலையில் தார்ப்பாய் காரின் முகப்பில் மடித்து வைக்கப்பட்டிருந்தது, ரோண்டா படுக்கை விரிப்புகளை மடிப்பதுபோல, ஓரங்கள் உள்ளே போகும்படி. டெல்மர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மறுபடி போட்டார், மறுபடி மடிந்தது. மூன்றாவது முறை அவர் போடவில்லை.

தீயணைப்பு நிலையத்தில் ஊர்க் கூட்டம் நடந்தது. வழக்கம்போல பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பும் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியும் இருந்தன. மேயர் பட் ஸ்டெக்லி வாயில் ரொட்டியோடு கேட்டார், “டெல்மர், உள்ள யாராவது இருக்காங்களாய்யா? கார்ல யாரும் வாழக் கூடாதுன்னு வேற ஒரு விதி இருக்கு. அதையும் பார்க்கணும்ல.”

“அவ வாழலையே, பட்” என்றார் டெல்மர்.

கரண்டிகள் நின்றன. மேயர் ரொட்டியைக் கீழே வைத்தார். வியாழக்கிழமைக்குள் கார் தானாக நகர்ந்து தெருவுக்கு வந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இழுவை வண்டி வரும் என்று முடிவானது.

வியாழக்கிழமை மதியம் கார்லீன் வந்தபோது டெல்மர் நிலவறையிலிருந்து பழைய பேட்டரியைத் தூக்கி வந்து படியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அது உப்புப் பூத்து வெளுத்திருந்தது. முகம் மழிக்காமல், மனிதர் பாதியாகியிருந்தார்.

“ஓடலைன்னா நீங்க இழுத்துட்டுப் போயிடுவீங்க. ஓடினா அவளே போயிடுவா. நான் என்னம்மா பண்ணட்டும்?” என்றார்.

கார்லீன் தெருவைப் பார்த்தாள். நாலைந்து லாரிகள் நின்றிருந்தன. எல்லா ஸ்டியரிங்கிலும் இரண்டு விரல்கள் தூக்கியிருந்தன. பிறகு பிக்கப்பைப் பார்த்தாள்.

“ஊரே அவளுக்கு வழி விடுது, டெல்மர். நீங்க ஒருத்தர்தான் விடலை.”

அவருக்குக் கோபம் வந்ததா என்று கார்லீனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்தார். பேட்டரி படியிலேயே இருந்தது. பிக்கப்பில் ஏறி, சாவியைத் திருப்பி, மிக மெதுவாகத் தெருவுக்கு ஓட்டிப் போய் எதிர் ஓரத்தில் நிறுத்தினார். அங்கிருந்து தன் வீட்டைப் பார்த்தார். இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினார். தூக்கிய விரல்களை இறக்கவில்லை.

நீலக் கார் நகர்ந்தது. காற்றில்லாத டயர்கள் புல்லை விட்டுப் பிய்ந்து எழுந்தன. எலிகள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு குதித்து, வேலியோரமாக ஓடின. கார் வாசலில் முறைப்படி முழுக்க நின்று, இரு பக்கமும் பார்க்கும் நேரம் காத்திருந்து, பின்பு இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் போனால் பள்ளிக்கூடமும் கல்லறையும், இடது பக்கம் நெடுஞ்சாலை. பிக்கப்பைக் கடக்கும்போது, வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் ரோண்டா செய்கிற மாதிரி, இரண்டு தரம் குட்டியாக ஹாரன் அடித்தது. கண்ணாடியில் வானம் மட்டுமே தெரிந்தது. டெல்மர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, வாய்விட்டு அழுதார். லாரிக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பிறகு மழை வந்து சோளம் நனைவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பினார்கள்.

கார்லீன் தன் தாளில் ‘ஓடுகிறது’ என்று எழுதி ஃபைலை மூடினாள்.

அதன்பிறகு டெல்மர் பிக்கப்பைத் தெருவிலேயே நிறுத்துகிறார். பனிக்காலத்தில் தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது என்றும் ஊரில் ஒரு விதி உண்டு. வெளியூரிலிருந்து புதிதாக வந்த பனி வாரும் வண்டிக்காரன் அதைச் சுட்டிக்காட்டியபோது கார்லீன் அவனை ஓரமாகக் கூட்டிப் போய், “அவர் மக ஊருக்குப் போயிருக்கா. வந்தா உள்ள திரும்ப இடம் வேணும்ல” என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான். இப்போது அவனும் பிக்கப்பைச் சுற்றிப் போய், அந்த வாசலைத்தான் முதலில் வாருகிறான்.