மூன்று பேர் பூசை போட்ட கார்

மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருடம் அது. சொந்தக் கார் வைத்து ஓட்டுகிறவனை பிடிக்க மாட்டான் என்று உலு திராம் தோட்டம் முழுக்கப் பேச்சு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டிவிட்டு, துரை ஓடிய பிறகு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த ஜெயபாலன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தவணைக்குக் கார் தருகிறேன் என்று தரகர் மூர்த்தி சொன்னதும் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை.

மூர்த்தி ஓட்டி வந்த கறுப்புக் கார் வாசலில் நின்றது. ஊரிலிருந்த கார்களையெல்லாம் ஜப்பான்காரன் வாரிக்கொண்டு போயிருக்க, இது மட்டும் எப்படித் தப்பியது? கேட்க நினைத்தான். ஆசை வாயை அடைத்துவிட்டது.

மனைவி ராஜம்மா எலுமிச்சம்பழமும் குங்குமமும் எடுத்து வந்தாள். பொட்டு வைப்பதற்காக ஸ்டீயரிங்கின் நடுவை ஈரத்துணியால் துடைத்தான் ஜெயபாலன். கறுப்புச் சாயம் கரைந்து வந்தது. அடியில் ஒரு பழைய குங்குமப் பொட்டு. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் கீழே மூன்றாவது.

"யாரு வெச்சது இதெல்லாம்?"

"முன்ன வாங்குனவங்கதான்லா. தெப்ராவ் வேலு, சதாசிவம், கண்ணப்பன்" என்றார் மூர்த்தி.

அவர்கள் கார் வாங்கியதே ஜெயபாலனுக்குத் தெரியாது. வேலுவைச் சயாம் லாரியில் ஏற்றியதுதான் தெரியும். சதாசிவத்தையும் அப்படித்தான். கண்ணப்பன் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் கார் மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

மூர்த்தி தாளை நீட்டினார். மேலே ஜப்பான் எழுத்து, கீழே வெறும் கோடுகள்.

"விலை, தவணை ஒண்ணும் எழுதலியே?"

"அப்புறம் நிரப்பிக்கலாம்ண்ணே. நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க."

"மேல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கும் படிக்கத் தெரியாதுண்ணே."

இது காருக்கான தாளே இல்லை, சயாமுக்கான தாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வெத்துத் தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். கார எடுத்துக்கிட்டுப் போங்க!"

தப்பித்தோமடா சாமி என்று மூச்சு விட்டான். மூர்த்தி கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவர் பையிலிருந்து அதே போன்ற இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் கோடுகளெல்லாம் நிரம்பியிருந்தன. அடியில் ஒரு கட்டைவிரல் ரேகை.

"பரவால்லண்ணே. போன வாரம் நீங்க மரவள்ளிக் காட்டுல இருந்தப்ப அக்கா உங்க பேருக்குக் கைநாட்டு வெச்சிட்டாங்க. அதுவே போதும்."

ஜெயபாலன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"கார வேற யாராச்சும் வாங்கிட்டா உங்களச் சயாமுக்குக் கொண்டு போயிடுவாங்களேன்னுதாங்க வெச்சேன்" என்றாள் ராஜம்மா.