வீட்டில் காணாமல் போனவை

"என்னண்ணே, உங்களுக்குத் தூக்கம் வரலையா?" என்று மருந்துக்கடைத் தம்பி கேட்டதும் பூட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்கம் வராதா? அவருக்கா? தலையணையைக் கண்டாலே கண் சொருகிவிடும் ஆள் அவர். அவருடைய குறட்டையைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரர் முறையிட்டு முறையிட்டு, கடைசியில் படுக்கையையே அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்.

"யாருப்பா சொன்னது உனக்கு?"

"உங்க பொண்ணுதான். நேத்து வந்து, அப்பா தூங்கவே மாட்டேங்கறாரு, தூக்க மாத்திரை வேணும்னு கேட்டுச்சு. டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எப்படி எடுத்துக்கொள்வது என்றே தெரியாமல் திருதிருவென விழித்தார். அந்தக் கடையின் ஷட்டர் பூட்டு இறுகிக்கொண்டது என்று எண்ணெய் போட வந்தவர். "ஆமாமா, கொஞ்ச நாளா சரியா வரலதான்" என்று வாயில் வந்ததை உளறிவிட்டு, எண்ணெயைப் பூட்டில் பாதியும் தன் சட்டையில் பாதியுமாகக் கொட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். சில மாதங்களாகவே ஆள் சரியில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், கூப்பிட்டால் "உம்" என்பாள், அந்த "உம்" வருவதற்குள் கூப்பிட்டவர் எதற்குக் கூப்பிட்டோம் என்பதையே மறந்துவிடுவார். படிப்புச் சுமை என்றார் இவர். சதா செல்போன் பார்த்தால் வேறெப்படி இருக்கும் என்றாள் மனைவி. உடம்பில் ரத்தம் குறைவு என்று ஒரு டானிக் வாங்கி வைத்தார்கள். அது அலமாரியில் அப்படியே நிற்கிறது. வீட்டில் ஒரு பெண் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறாள், பெற்றவர்கள் டானிக் புட்டியைப் பார்த்துச் சமாதானம் அடைகிறார்கள். இப்படித்தான் இருக்கிறோம் நாம்.

ஆனால் போன வாரம் அவளே எழுந்தாள். தலைக்குக் குளித்தாள். அறையைப் பளிச்சென்று ஒழுங்குபடுத்தி வைத்தாள். உயிராக வைத்திருந்த ஹெட்போனை மாமா மகளுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு மாலை முழுக்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாகச் சும்மா உட்கார்ந்திருந்தாள். "நம்ம பொண்ணு நமக்குத் திரும்பக் கிடைச்சுட்டா" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவரும் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

இப்போது மாத்திரை. சரியாகிவிட்ட பெண்ணுக்கு மாத்திரை எதற்கு? சரியாகவில்லை என்றால் ஏன் சிரித்தாள்? அதுவும் அப்பா பெயரைச் சொல்லி? பூட்டுக்காரர் எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு இடித்தது. இடித்த இடத்தில் ஒரு விஷயம் தலையை நீட்டியது. அதை நேருக்கு நேர் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

மனைவியிடம் சொல்லலாம். ஆனால் அவளுக்கு ரத்தக் கொதிப்பு. சலவைக் கூடத்தில் நாள் முழுக்க நீராவியில் நின்று ஓட்டல் விரிப்புகளைத் தேய்த்துவிட்டு வருகிறவள். இதைக் கேட்டால் அங்கேயே விழுந்துவிடுவாள். மகளிடம் கேட்கலாம் என்றால் அது இன்னும் பயம். இல்லாத நினைப்பை நாமே வாயைத் திறந்து எடுத்துக் கொடுத்ததுபோல ஆகிவிட்டால்?

ஆகவே அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். உலகத்தில் எந்தச் சிக்கலானாலும் எங்கேயோ ஒரு திருகாணியைக் கழற்றினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற மனிதர். அன்று மாலையே மகள் அறையின் தாழ்ப்பாளைக் கழற்றினார். பிறகு குளியலறைத் தாழ்ப்பாளையும். "துரு ஏறிடுச்சு, புதுசு போடணும்" என்றார். காய் நறுக்கும் கத்தியைச் சாணை பிடிக்க வேண்டும் என்று தன் பூட்டுக் கடைக்கு எடுத்துப் போனார். அது திரும்பி வரவில்லை. மொட்டை மாடிக் கதவைப் பூட்டி, ஆணியில் தொங்கும் அதன் சாவியை யாரிடமும் சொல்லாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீடு கோமாளிக் கூடாரம் ஆயிற்று. மனைவி பீன்ஸைக் கையால் பிய்த்துப் போட்டாள். குளிக்கப் போனால் கதவுக்கு முட்டாக வாளியை வைத்துவிட்டு, உள்ளே ஆள் இருப்பது தெரிய உரக்கப் பாடினாள். பாட்டு அவளுக்குச் சுத்தமாக வராது. "ஊர்ப் பூட்டையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, வீட்டுல ஒரு தாழ்ப்பாள் இல்ல" என்று கத்தினாள். உண்மையைச் சொல்வதைவிடத் திட்டு வாங்குவது பூட்டுக்காரருக்குச் சுலபமாக இருந்தது.

ஆனால் மனைவியின் போக்கும் அவருக்குப் பிடிபடவில்லை. திடீரென்று மகள் அறையை ஓயாமல் பெருக்க ஆரம்பித்தாள். மெத்தையைத் தூக்கிப் பெருக்கினாள், அலமாரிக்குள் தலையை விட்டுப் பெருக்கினாள். முழங்கால் வலி என்று புலம்புகிறவள், காயப்போட்ட துணியே இல்லாத நாளில் துணி காய்ந்ததா பார்க்கிறேன் என்று மாடிப்படி ஏறினாள். இவளுக்கு என்ன வந்தது என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மகளோ இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சாதுவாக இருந்தாள். அவள் சிரித்தாலும் அவருக்குப் பயம், சிரிக்காவிட்டாலும் பயம். கேட்டுவிடுவது என்று பல முறை அவள் அறை வாசல் வரை போனார்.

"பாப்பா..."

"என்னப்பா?"

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

"சரி சரி" என்று திரும்பிவிடுவார். சற்று நேரம் கழித்து மறுபடி போவார். மறுபடி அதே "சாப்பிட்டியா". அந்தப் பெண் அத்தனை முறை சாப்பிட்டிருந்தால் அஜீரணத்துக்கே வைத்தியம் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் மருந்துக்கடைக்கே போய் நின்றார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்ல ஒரு பொண்ணுப்பா..." என்று ஆரம்பித்தார். தெரிந்தவர் பெயரில் தன் கதையைச் சொல்வது ரொம்பப் பழைய தந்திரம், அதையும் அவர் மோசமாகச் செய்தார். பாதியில் "என் பொண்ணு" என்று வாய் தவறி வந்தது. தம்பி அதைக் கவனிக்காதவன்போல இருந்துவிட்டான்.

"அவரை நேரா கேக்கச் சொல்லுங்கண்ணே" என்றான். "சாகணும்னு தோணுதான்னு அப்படியே கேக்கணும். கேக்கறதால யாருக்கும் புதுசா அந்த நெனப்பு வந்துடாது. பெரிய ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, இன்னைக்கே கூட்டிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் தனியா விட வேண்டாம். வீட்டுல இருக்கற மாத்திரை மருந்தையெல்லாம் எடுத்து வெச்சுடச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்க அக்கா பையனை நாங்க கேக்காம விட்டுட்டோம்ணே" என்றான்.

மாத்திரை என்ற சொல்லிலேயே பூட்டுக்காரர் மனம் நின்றுவிட்டது. கத்தியை எடுத்தாயிற்று, தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று, சாவியை ஒளித்தாயிற்று. மனைவியின் மருந்துப் பெட்டியை மட்டும் தொடவில்லை. அவள் தினமும் மாத்திரை போடுகிறவள், எங்கே என்று கேட்பாளே என்று விட்டு வைத்திருந்தார். தன் கடை திறந்து கிடப்பதையும் பாராமல் வீட்டுக்கு ஓடினார்.

பெட்டி அலமாரியில் இல்லை.

டானிக் புட்டி மட்டும் நின்றது. அடுப்படியில் தேடினார், கட்டிலுக்கடியில் தேடினார். மகள் அறைக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவு, விரலால் தள்ளினால் போதும். எத்தனையோ வீட்டுக் கதவுகளைத் திறந்து கொடுத்தவருக்கு அதைத் தள்ளக் கை எழவில்லை. தள்ளினார். உள்ளே யாரும் இல்லை. மெத்தை புரட்டிப்போட்டபடி கிடந்தது.

அப்போதுதான் மேலேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. யாரோ கதவை மடேர் மடேரென்று அடிக்கிறார்கள். "பாப்பா! கதவைத் திறடி! அம்மா கும்புட்டுக் கேக்கறேன், திறடி!"

மனைவியின் குரல். இந்த வேளையில் அவள் சலவைக் கூடத்தில் இருக்க வேண்டும். பூட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஆனாலும் எப்படியோ படியேறிவிட்டார். மாடிக் கதவின் மேல் சாய்ந்து மனைவி இரு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள்.

"சாவியக் காணோங்க! நாலு நாளா காணோம்! மனசு கேக்காம பாதி வேலைல ஓடி வந்தா பாப்பாவைக் காணோம், ரூம் பூரா தேடிட்டேன். அவதான் எடுத்திருக்கா. உள்ளே போய்ப் பூட்டிக்கிட்டா!"

"சாவி என்கிட்ட இருக்கு."

"என்னது?"

"நான்தான் எடுத்து வெச்சேன். பூட்டு இந்தப் பக்கம்தானே தொங்குது, பாரு." சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். அவள் பூட்டைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அதன் மேலேதான் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏன் எடுத்தீங்க?"

"மாத்திரைப் பெட்டியக் காணோமே, எங்க? அதைச் சொல்லு முதல்ல!"

மனைவி மெதுவாகத் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்தாள். பெட்டி அதற்குள் இருந்தது. "தினமும் வேலைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றாள். "ஹெட்போனைக் கொடுத்தப்பவே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்களுது நெஞ்சுல அடைப்பு வந்த உடம்பு. சொன்னா தாங்க மாட்டீங்கன்னு..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே பயத்தை வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒருவர் ஒளித்ததைக் கண்டு மற்றவர் நடுங்கியிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது.

"பாப்பா எங்க?"

"இங்கதான் இருக்கேன்" என்றது குரல். கீழே படி வளைவில் மகள் ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றாள். "கடைக்குப் போயிருந்தேன். ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

அவள் அப்பா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள், அம்மா கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். படியிலேயே உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "கத்தி போச்சு, தாழ்ப்பாள் போச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அன்னைக்கே தெரியும். எப்ப கேப்பீங்க, எப்ப கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க வாசல்ல வந்து நின்னு, சாப்பிட்டியான்னு கேட்டுட்டுப் போயிடறீங்க."

பூட்டுக்காரர் இறங்கி வந்து அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். இப்போதும் அந்தப் பழைய கேள்விதான் நாக்கு நுனியில் நின்றது. அதை மென்று முழுங்கினார்.

"பாப்பா, செத்துப் போயிடலாம்னு நெனச்சியா?"

அவள் பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றினாள். பிறகு, "ஆமாப்பா" என்றாள்.

"ஐயோ, உனக்கு நாங்க என்னடி குறை வெச்சோம்" என்று மனைவி ஆரம்பித்தாள். அவர் கையைத் தூக்கியதும் நிறுத்திக்கொண்டாள். அவளும் இறங்கி வந்து மகளின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்பவும் அப்படித் தோணுதா?"

"தெரியலப்பா. காலைல இருந்துச்சு. இப்ப இல்ல. சாயங்காலம் வருமா வராதான்னு தெரியல. எனக்கே ஒண்ணும் புரியல."

"போன வாரம் நல்லாத்தானே சிரிச்சுட்டு இருந்த?" என்றாள் அம்மா. அதட்டலாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"அது சந்தோஷம் இல்லம்மா. உங்களுக்காகச் சிரிச்சேன்."

பூட்டுக்காரருக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. ஏன், எதனால், எப்போதிலிருந்து என்று கேட்க நூறு கேள்வி இருந்தது. ஒன்றுக்கும் அவளிடம் பதில் இருக்காது என்று மட்டும் அந்த நேரத்தில் அவருக்குப் புரிந்தது. அவருக்கு அந்த வாரத்தில் புரிந்ததே அந்த ஒன்றுதான். "எனக்கும் ஒண்ணும் புரியலம்மா" என்றார். "புரிஞ்சவங்க ஆஸ்பத்திரில இருக்காங்களாம். மூணு பேருமா இப்பவே போகலாம். வர்றியா?"

அவள் ரொட்டிப் பொட்டலத்தை அம்மா மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மனநலப் பிரிவில் கூட்டம் இருந்தது. அவளைப் போன்ற பிள்ளைகளும், இவர்களைப் போலவே முழிக்கிற பெற்றோர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் இருந்த நர்ஸிடம் பூட்டுக்காரர் இந்தத் தடவை தெரிந்தவர் கதை எதுவும் சொல்லாமல், "என் பொண்ணுக்குச் சாகணும்னு தோணுதாம்" என்று நேராகச் சொன்னார். நர்ஸ் அவர்களை அதிக நேரம் காக்க வைக்கவில்லை. முதலில் பெண் மட்டும் வரட்டும், அப்புறம் உங்களைக் கூப்பிடுகிறோம் என்றார்.

மகள் எழுந்து இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்பா, நாளைக்கும் கேப்பீங்களா?"

"எதைம்மா?"

"இன்னைக்குக் கேட்டதை."

"கேப்பேன்."

"நான் இல்லன்னு சொல்லிடுவேன். நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். சிரிப்பேன். அப்பவும் கேப்பீங்களா?"

"அதுக்கு மறுநாளும் வந்து கேப்பேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.