இரண்டாவது பொட்டலம்

கடலூரில் ஒருத்தர் ஹெலிகாப்டர் வாங்கப்போகிறார் என்ற பேச்சை முதலில் யாரும் நம்பவில்லை. அந்த ஒருத்தர் ஐஸ் பேக்டரி சக்கரபாணி என்று தெரிந்ததும் நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மனுஷன் அப்படி. ஒன்றின் மேல் ஆசை வந்துவிட்டால் தானும் தூங்கமாட்டார், பக்கத்தில் இருக்கிறவனையும் தூங்கவிடமாட்டார்.

வலைக்காரக் குடும்பத்தில் பிறந்து, மீனுக்கு ஐஸ் போட்டு மேலே வந்தவர். சிதம்பரத்துக்குக் கிழக்கே, சுரபுன்னைக் காட்டையும் தாண்டி, கழிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்திட்டில் ஒரு லாட்ஜ் கட்டியிருந்தார். ஜெனரேட்டர் உண்டு, வெள்ளைக்காரனும் முகம் சுளிக்காத கக்கூஸ் உண்டு, இங்கிலீஷ் சமையல் தெரிந்த பட்லர் உண்டு. போய்ச் சேர வழிதான் இல்லை. மதராஸிலிருந்து ரயிலில் வந்து கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள், காரில் குலுங்கி, வண்டிப்பாதையில் சேறு மிதித்து, கடைசியில் படகேறி லாட்ஜில் கால் வைக்கும்போதே எப்போது திரும்பலாம் என்றுதான் கேட்டார்கள். கடலூரிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டால் தொழில் எங்கேயோ போய்விடும் என்று சக்கரபாணி சொன்னார்.

எந்த மெஷினை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலை காசிநாதன் தலையில் விழுந்தது. சக்கரபாணியின் மனைவி மங்கலத்தின் கூடப்பிறந்த தம்பி அவன். அண்ணாமலை யுனிவர்சிட்டியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, பேக்டரிக்கு லாரி வாங்குவதும் விற்பதுமாக இருந்தான். விசாரித்ததில் இரண்டு மெஷின் அகப்பட்டன. ஒன்று பம்பாயில், நல்ல நிலையில், சக்கரபாணியின் கைக்கு எட்டாத விலையில். இன்னொன்று ஆந்திராவில், பருத்திக்காட்டுக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தது. அது பாதி விலைக்கு வந்தது.

ஆந்திராவுக்குக் காசிநாதனோடு பொன்னுரங்கமும் போனார். பட்டாளத்தில் ஹெலிகாப்டர் ஓட்டி ரிட்டயரானவர், மெஷின் வந்ததும் ஓட்டுவதற்காகச் சக்கரபாணி பேசிவைத்த ஆள். அவர் காசிநாதனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று போய்வந்தார். அந்தப் பயல் மெஷினைப் பார்த்திருக்க வேண்டும். அவன் கீழே பார்த்தான். வாய்க்கால், மாடு, தலையில் சும்மாட்டோடு அண்ணாந்து பார்க்கிற பெண்கள், எல்லாமே அவன் காலுக்குக் கீழே இருந்தன. விவரம் தெரிந்ததிலிருந்து மாமாவின் நிழலிலேயே நின்றவனுக்கு அது தலைக்கு ஏறிவிட்டது.

இறங்கியதும் பொன்னுரங்கம் வால்பக்கம் போய்க் காதை வைத்துக் கேட்டார். வால் விசிறி சுற்றி ஓய்வதற்குள் கறகறவென்று ஒரு சத்தம் வந்தது.

"தம்பி, இந்தத் தண்டு வழியாத்தான் வால்ல இருக்கிற சின்ன விசிறிக்கு ஓட்டம் போவுது. இதுல பேரிங் ஒண்ணு தேஞ்சிருக்கு. வால் விசிறி நின்னுதுன்னா மெஷின் பம்பரமாட்டம் சுத்த ஆரம்பிச்சுடும். நம்ம கையில ஒண்ணுமில்ல. நானா இருந்தா பம்பாய் மெஷினத்தான் வாங்குவேன்."

ஊருக்கு வந்து காசிநாதன் விலையைச் சொன்னான். பேரிங்கைப் பற்றிச் 'சின்ன ரிப்பேர்' என்றான். சக்கரபாணி அப்போதே அட்வான்ஸ் அனுப்பியிருப்பார். மங்கலம்தான் குறுக்கே நின்றாள்.

"பூ வெச்சுப் பாக்காம இந்த வீட்டுல ஒரு கட்டுமரம்கூட தண்ணியில இறங்குனதில்ல. எல்லையம்மா உத்தரவு குடுத்தா வாங்குங்க. இல்லன்னா பேச்சே வேணாம்."

அந்தக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் வைத்துப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். சூடம் காட்டிவிட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். சக்கரபாணி வாயடித்து ஊரையே மடக்குகிறவர்தான், ஆனால் அம்மன் பூவை மீறி இதுவரை அவர் ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை.

பொட்டலம் கட்டுவதற்குக் காசிநாதனே முன்வந்தான். கோயிலுக்குப் பின்னால் நந்தியாவட்டையும் இருந்தது, செவ்வரளியும் இருந்தது. சிவப்பு வந்துவிட்டால் ஆந்திரா மெஷின் இல்லை, பம்பாய் மெஷினுக்கு வக்கில்லை, மறுபடியும் லாரி டயரை உதைத்துப் பார்க்கிற பிழைப்புதான். பறித்த அரளியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதைச் செடிக்கடியில் போட்டுவிட்டு, இரண்டு பூவரச இலையிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினான்.

மங்கலமே எடுத்தாள். வெள்ளையைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பூவை முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டாவது பொட்டலத்தைப் பூசாரி எடுக்குமுன் காசிநாதன் எடுத்துக்கொண்டான்.

"கடல்ல விட்டுடறேன் சாமி," என்றான்.

மெஷின் வந்தது. கண்ணாடிக் குமிழும் எலும்புக்கூடு போன்ற வாலுமாக, ஓட்டுகிறவரைச் சேர்த்து மூன்று பேர் உட்காரலாம். பூச்சிமருந்து நாற்றம் மட்டும் போகவே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவினார்கள், டர்பன்டைன் போட்டுத் துடைத்தார்கள், மங்கலம் உள்ளே சாம்பிராணிகூடப் போட்டாள். சாம்பிராணியும் மருந்தும் கலந்து எழவு வீட்டு வாசனை அடித்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பொன்னுரங்கம் தனியாக இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு பேக்டரிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"முதலாளி, அந்தக் கறகறப்பு ஜாஸ்தியாவுது. பேரிங் வெளிநாட்டுலேருந்து வரணும், மாசக்கணக்காவும். அதுவரைக்கும் ஆள ஏத்த வேணாம்."

"வெள்ளிக்கிழமைக்கு மதராஸ் ஆளுங்கள வரச்சொல்லியாச்சு கேப்டன். அம்மா பூ குடுத்து வாங்குன மெஷின் இது. வெள்ளைப் பூ. என் சம்சாரம் கையால எடுத்தா. அதுக்கு மேல ஒரு பேரிங் இருக்குதா?"

பொன்னுரங்கம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்கம்மாவும் இந்தப் பக்கம்தான். பூ வெச்சுப் பாத்துட்டுத்தான் என்னைப் பட்டாளத்துக்கு அனுப்பிச்சாங்க. ஒரு காயமில்லாம திரும்பி வந்தேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பூ வந்துச்சுன்னா சரிதான் முதலாளி. ஓட்டறேன்."

காசிநாதன் அதே அறையில் பீரோவோரம் நின்றிருந்தான். விஷயம் தெரிந்த மனுஷர் ஒருத்தர் தன் காதால் கேட்டதை விட்டுவிட்டு, அவன் கட்டிய பூவை நம்பிக் கிளம்புகிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். சொன்னால் மாமா வீட்டுப்படி ஏற முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தான், மறுநாளும் அப்படியே நினைத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கெடிலம் ஆற்றங்கரைத் திடலில் ஊரே கூடியிருந்தது. மதராஸ் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்தார்கள். மெஷினுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டினார்கள். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம் வந்தது. இதற்குச் சக்கரமே கிடையாது, இரண்டு நீளக் கம்பியில் நிற்கிறது. கடைசியில் பூசாரி கம்பிக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார். முதல் நடை வீட்டு ஆட்கள் போய்வர வேண்டும் என்பது மங்கலத்தின் ஏற்பாடு. அவளும் சக்கரபாணியும் லாட்ஜுக்குப் போய் விளக்கேற்றித் திரும்பியதும் விருந்தாளிகள் ஏறுவார்கள்.

பொன்னுரங்கம் ஏறி உட்கார்ந்து மெஷினைக் கிளப்பினார். சக்கரபாணி நடுவில் உட்கார்ந்தார். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மங்கலம் நடந்தபோது காசிநாதனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து அந்த இரைச்சலில் காதோடு வாய் வைத்துச் சொன்னான்.

"அக்கா, ஏறாதே. ரெண்டு பொட்டலமும் வெள்ளைதான்."

"என்னடா சொல்றே?"

"சிவப்பு நான் வெக்கவே இல்லக்கா. அம்மா ஒண்ணும் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

அவள் திட்டவில்லை, அடிக்கவுமில்லை. அவனைத் தெரியாதவள்போல ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து மெஷினிடம் ஓடினாள். புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் பொண்டாட்டி பயப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். நாற்காலிக்காரர்களைக் கண்ணால் காட்டி, மானத்தை வாங்காதே என்று சாடை செய்தார். அவள் என்ன கத்தியும் அவருக்குக் கேட்கவில்லை. கையை உதறிக்கொண்டு, காலியாக இருந்த இடத்தைத் தட்டி, நீ வா மச்சான் என்று காசிநாதனைக் கூப்பிட்டார்.

மங்கலம் திரும்பி வந்தாள். அம்மன் பூவென்று இந்தப் புடவை முந்தானையிலும் முடிந்துவைத்திருந்த முடிச்சை அவிழ்த்து, காய்ந்து பழுத்துப்போன நந்தியாவட்டையை எடுத்துத் தம்பியின் கையில் திணித்தாள்.

"அவுரு இறங்கமாட்டாரு. நீ போய்க் கேப்டன் காதுல சொல்லு. சொல்லி எறக்கிக் கூட்டிக்கிட்டு வா."

அவன் ஓடிப்போய்க் கம்பியில் கால் வைத்து உள்ளே எக்கினான். வாயைத் திறக்குமுன் சக்கரபாணி அவனை இழுத்து உட்காரவைத்து, எட்டிக் கதவைச் சாத்தி, போகலாம் என்று பொன்னுரங்கத்தின் தோளைத் தட்டினார். தரை நழுவியது. கீழே மங்கலம் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்காமல் கிடந்தன.

முன்பு பார்த்த அதே காட்சிதான். ஆறு, உப்பங்கழி, தென்னந்தோப்பு எல்லாம் சின்னதாகிக்கொண்டே போயின. கடற்கரையோரமாகத் தெற்கே பறந்தார்கள், இடப்பக்கம் கடல். காசிநாதன் எதையும் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கறக், கறக் என்று அது கேட்டுக்கொண்டே வந்தது.

"மாமா, அம்மா பூ குடுக்கல," என்று கத்தினான்.

"என்ன?"

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூ. நான் வெச்சது." உள்ளங்கையைப் பிரித்துக் காட்டினான்.

சக்கரபாணியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மெல்லத் திரும்பிப் பொன்னுரங்கத்தைப் பார்த்தார். பொன்னுரங்கத்துக்கும் கேட்டிருந்தது. அவர் வாலின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பவர்போலத் தலையைச் சாய்த்திருந்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார்.

பொன்னுரங்கம் மெஷினைப் பதமாகத் திருப்பினார். இடப்பக்கம் இருந்த கடல் வலப்பக்கம் வந்தது. வடக்கே, தூரத்தில் கெடிலத்துக்கரை தெரிந்தது. கறகறப்பு நின்றுவிட்டிருந்தது. காசிநாதனுக்கு மூச்சு வந்தது.

பிறகு கடல் மறுபடியும் இடப்பக்கம் வந்தது. இந்தத் தடவை மெஷினை யாரும் திருப்பவில்லை.